நான்கு நாள் ஏரி

பாகூர் பக்கம் எங்களுக்கு ஒன்றரைக் காணி நிலம். நட்டு இருபது நாளான சம்பாப் பயிர், கார்த்திகை மழையில் முழுக்க மூழ்கிவிட்டது. நாலைந்து நாள் அப்படியே கிடந்தால் அழுகிப் போகும். வடிகால் வாய்க்காலும் நிரம்பி வழிந்ததால் வரப்பை வெட்டவும் வழியில்லை.

மூன்றாம் நாள் யாரோ ரோட்டிலிருந்து அதைப் போட்டோ எடுத்து, ‘புதுச்சேரி பக்கத்தில் யாருக்கும் தெரியாத ஏரி’ என்று நெட்டில் போட்டுவிட்டார்கள். யாருக்கும் தெரியாதது வாஸ்தவம்தான். எனக்கே தெரியாது.

நாலாம் நாள் மதியம் மழை விட்டு, வாய்க்காலில் தண்ணீர் இறங்கியது. மண்வெட்டியோடு ஓடினேன். என் வரப்பில் கல்யாணமாகப் போகிற ஜோடி ஒன்று பட்டுடுத்தி நின்றது. எதிரே கேமராக்காரர்.

“அண்ணே, சன்செட் வரைக்கும் வெட்டாதீங்கண்ணே. தண்ணி பூட்டா படமே நல்லா வராது” என்றார்.

திட்டத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அந்தப் பெண், “அங்கிள் செம கெத்தா இருக்காரு, அவரையும் ஒண்ணு எடுங்க” என்றாள். இந்த வயதில் என்னை அப்படி யார் சொன்னார்கள்? மானங்கெட்டவன், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, மண்வெட்டியைத் தோளில் வைத்து நின்றேன். சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தேன்.

டீ கொண்டுவந்த என் மனைவி, “இன்னாயா, உள்ள பயிரு அழுவுது, நீ பல்லக் காட்டிகினு நிக்கிற?” என்றாள்.

“சாயங்காலம் வரைக்குந்தான, இரு” என்றேன்.

சூரியன் இறங்கும் முன்பே மேகம் மூடி, மழை கொட்டியது. ஜோடி காருக்குள் ஓடியது. அவசரமாக வரப்பை வெட்டினேன். சற்று நேரத்தில் வாய்க்கால் நிரம்பி, தண்ணீர் என் நிலத்துக்கே திரும்பியது. வெட்டிய இடத்தை நானே அடைத்தேன். பக்கத்து நிலத்துக்காரர் மதியமே வடித்துவிட்டார். அவர் பயிர் பிழைத்தது.

தண்ணீர் வடிய மேலும் இரண்டு நாளாயிற்று. இறங்கி ஒரு குத்துப் பயிரைத் தொட்டேன். கொழகொழவென்று கையோடு வந்தது. அப்போது சென்னையிலிருந்து மகள் கூப்பிட்டாள்.

“அப்பா, நெட்டுல உன் போட்டோ பாத்தேன், இன்னா சிரிப்பு! நடவு பூடிச்சோன்னு பயந்துகினே இருந்தேன். இப்பதான் நிம்மதியா இருக்குது.”

“ஒண்ணும் ஆவலமா, நல்லா இருக்குது” என்றேன். போனுக்குக் கை நீட்டிய மனைவியிடம் அதைக் கொடுக்கவில்லை.