அம்மா அழாத கருமாதி

நான் இருக்கும் இந்த ஜெர்மன் ஊரில் மதியம் ஒன்றிலிருந்து மூன்று மணிவரை சத்தம் போடக்கூடாது. வந்த புதிதில் எனக்கு இது தெரியாது. ஒருநாள் இரண்டு மணிக்குப் பியானோ வாசித்துக்கொண்டிருந்தபோது யாரோ கதவைத் தட்டினார்கள். கீழ்வீட்டு அம்மாள், ஃப்ராவ் கெல்லர். என் வாசிப்பில் மயங்கி வந்திருக்கிறார் என்று நினைத்து, "உள்ளே வாருங்கள், காப்பி போடுகிறேன்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்து, "மிட்டாக்ஸ்ரூஹெ" என்று சொல்லிக் கைக்கடிகாரத்தைத் தொட்டுக் காட்டிவிட்டுப் போனார். மதிய ஓய்வு என்று அர்த்தமாம். காப்பியை லஞ்சம் என்று நினைத்திருப்பார். திண்டிவனத்தில் காதுகுத்துக்குக்கூட விடிவதற்கு முன்பே குழாய் ஸ்பீக்கர் கட்டிவிடுவார்கள். யாரும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வந்தது. போகப்போக இந்த ஊர் அமைதி பிடித்துவிட்டது. நான் கெட்டது அங்கேதான்.

அண்ணன் க்ளாரினெட் வாசித்த பேண்டு செட்டில் நானும் டிரம்பெட் ஊதியவன்தான். கல்யாணம், சாவு இரண்டுக்கும் போவோம். விழுப்புரம் ரயில்வே காலனியில் ஓர் ஆங்கிலோ இந்தியர் வீட்டுப் பியானோவில் பழகி, பரீட்சைகள் எழுதி, எண்பதுகளின் தொடக்கத்தில் உதவித்தொகையோடு இங்கே வந்தேன். படிப்பு முடிந்ததும் சின்ன நகரத்து ஆர்க்கெஸ்ட்ரா ஒன்றில் துணை நடத்துநர் வேலை. கூடவே சொந்தமாக இசையும் எழுதினேன். 'வெள்ளைக்காரனையே கையசைச்சி ஆட்டி வைக்கிறான்' என்று ஊரில் எல்லாரும் பெருமையடித்துக்கொள்வதாக அண்ணன் எழுதுவான். யார் யாரை ஆட்டி வைத்தார்கள் என்று எனக்கல்லவா தெரியும்! விழுப்புரம் ஜங்ஷனில் கூட்ஸ் பெட்டிகளைக் கோக்கும்போது கேட்கும் முழக்கத்தை வைத்து ஒன்று எழுதினேன். பத்திரிகைக்காரர் ஒருவர் அதில் கோயில் யானைகளைக் கேட்டாராம். "யானை இல்லை, சரக்கு ரயில்" என்றேன். தன்னடக்கம் உள்ளவர் என்று அதையும் சேர்த்து எழுதினார். மேனேஜரோ, அடுத்த தடவை சிதார் சேர்க்கலாமே என்றார். ஜன்மத்தில் நான் சிதாரைத் தொட்டதில்லை. ஆனாலும் மேடையேறிக் கையைத் தூக்கினால் அரங்கமே மூச்சடக்கி உட்காரும். அந்த ஒரு மரியாதைக்காக மற்ற எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டேன்.

அப்பா மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டைகளுக்குக் கணக்கு எழுதியவர். அவர் இறந்த தந்தி கிடைத்து நான் திண்டிவனம் போய்ச் சேர்ந்தபோது ஆறு நாளாகிவிட்டது. பதினாறாம் நாள் கருமாதி. "தம்பி, அப்பாவுக்கு நீ ஒண்ணு போட்டுக் குடுடா. நம்ம செட்டு அடிக்கட்டும்" என்றான் அண்ணன். ஒன்பது பேருக்கு எழுதினேன். அவர்களுக்கு நொட்டேஷன் படிக்கத் தெரியாது. மண்டி வாசலில் மூன்று நாள் பாடிப்பாடியே சொல்லிக்கொடுத்தேன். எங்கள் பக்கத்தில் புருஷனை இழந்தவள் வாய்விட்டு அழுவதற்குக் கடைசி நாள் கருமாதிதான். அதைத் தாண்டி அழுதால் போனவருக்கு ஆகாது என்பார்கள். இது எனக்குத் தெரியாததல்ல.

பந்தலில் அம்மா நடுவில் உட்கார்ந்திருக்க, சித்தியும் மற்ற பெண்களும் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் எழுதியது அண்ணனின் க்ளாரினெட்டில் மெதுவாக, தனியாகத் தொடங்க வேண்டும். அவன் இரண்டு மூச்சு ஊதுவதற்குள் அம்மா ஒப்பாரியை எடுத்துவிட்டாள். கையைக் காட்டி அண்ணனை நிறுத்தினேன். மறுபடியும் தொடங்கினோம். மறுபடியும் அம்மாவின் குரல். அம்மா பக்கம் திரும்பி நின்று உதட்டின்மேல் விரலை வைத்தேன்.

"இன்னாடா பண்ணிக்கினு இருக்கிற? அழுவாத கருமாதி எங்கடா நடக்குது?" என்றான் அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"அஞ்சு நிமிஷம்தாண்ணா. முதல்ல வாசிச்சிடலாம், அப்பறம் அழட்டும்."

"பொம்பளைங்க அழுவற நேரத்துல வாய மூடுன்றானே, இவன் புள்ளதானா?" என்று சித்தி எகிறினாள்.

அம்மா அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "நீ அடிச்சிக்கோ சாமி. நான் அழுவல."

அடித்தோம். பந்தலில் ஒரு சத்தம் இல்லை. ஒரு சுரம் பிசகவில்லை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது. வாசித்து முடித்த பிறகும் அம்மா வாயைத் திறக்கவில்லை. தாலியைக் கழற்றியபோதும் கல்லாக உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் நான் செய்தது எனக்கு உறைத்தது. ஜெர்மனிக்குக் கிளம்பும் நாளில் அவள் காலடியில் உட்கார்ந்து, "அம்மா, என் எதிர்ல ஒரு தடவ அழுதுடும்மா" என்று கெஞ்சினேன்.

"நாளு தாண்டிப்போச்சி. பஸ்ஸுக்கு டைம் ஆவுது, ஜல்தி கெளம்பு" என்றாள்.

தெருவில் அடுத்தடுத்து விழுந்த சாவுகளுக்கு அம்மா போவாள், ஓரமாக நிற்பாள், ஒப்பாரியில் சேரமாட்டாள் என்று அண்ணன் எழுதினான். நான் இங்கே சும்மா இருந்தேனா? அதே இசையை ஆர்க்கெஸ்ட்ராவுக்கு விரித்து எழுதினேன். என் பெயர் வெளியே தெரிந்தது அதனால்தான். அதில் இருக்கும் மௌனத்தைப் பாராட்டி எழுதினார்கள். வேலை நிரந்தரமாயிற்று. அம்மாவின் வாயை அடைத்து வாங்கிய சோறு என்று சொன்னால் அதில் பொய்யில்லை.

எண்பதுகள் முடியும் தறுவாயில் அம்மாவும் போய்விட்டாள். தொடர் கச்சேரிகள், ஒப்பந்தம் என்று காரணம் சொல்லி நான் போகவில்லை. உண்மையில், அந்தப் பந்தலில் போய் நிற்கப் பயந்தேன். கருமாதி முடிந்து அண்ணனின் கடிதம் வந்தது. "நீ வராதது நல்லதாப் போச்சி தம்பி. கோச்சிக்காத. எல்லாரும் வாய்விட்டு அழுதாங்க."

கடிதம் வந்த அன்று மாலை அப்பாவுக்கு எழுதியதைத்தான் நடத்த வேண்டியிருந்தது. மேடையேறிக் கையைத் தூக்கினேன். அரங்கம் அடங்கியது. யாராவது ஒருத்தி ஓவென்று குரலெடுக்க மாட்டாளா என்று கையை இறக்காமலே நின்றேன். வாத்தியக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். என் முதுகுக்குப் பின்னால் அத்தனை பேரும் மரியாதையாக வாயை மூடிக்கொண்டிருந்தார்கள்.