ஆப்ஷனல் ஞாயிறு

ஆப்ஷனல் என்றால் இஷ்டமிருந்தால் செய்யலாம், இல்லாவிட்டால் விடலாம். பள்ளிக்கூடத்தில் எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். குன்னூர்ப் பக்கம் எங்கள் தேயிலை எஸ்டேட்டில் அதே வார்த்தையைச் சொன்னால், வராமல் இருந்துதான் பாரேன் என்று அர்த்தம்.

மழை விட்டு வெயில் அடித்தால் கொழுந்து மளமளவென்று வந்துவிடும். அப்போதெல்லாம் சனிக்கிழமை சாயங்காலம், கொழுந்து எடைபோடும் இடத்தில் ஃபீல்டு ஆபீசர் வந்து நிற்பார். "நாளைக்கு வேலை ஆப்ஷனல்" என்பார். அவ்வளவுதான். ஞாயிறு விடிந்ததும் நாங்கள் குடியிருக்கும் லைன் வீடுகள் மொத்தமும் இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு காட்டுக்குக் கிளம்பிவிடும்.

ஒரே ஒரு ஞாயிறு அம்மா போகவில்லை. கேத்தியிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். "அவரே ஆப்ஷனல்னு சொல்லீட்டாருங்களே" என்று பக்கத்து ஊட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள். வெள்ளந்தி மனுஷி, அந்த ஆளின் பேச்சை நம்பிவிட்டாள்.

திங்கட்கிழமை எல்லார் முன்னாலும் அவர் கேட்டார்: "என்னம்மா, ரெஸ்ட் போதுமா?" மற்றவர்களை ரோட்டோரக் காட்டுக்கு அனுப்பிவிட்டு, அம்மாவை மட்டும் ஓடைச் சரிவுக்கு அனுப்பினார். ஈரத்தில் ஆம்பளைகளே அங்கே இறங்க யோசிப்பார்கள். மத்தியானம் அம்மாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வழுக்கி விழுந்ததில் வலது தோள் போய்விட்டது. கட்டுப் பிரித்த பிறகும் அந்தக் கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. அவளுக்குத் தலை வாரிவிடுவது என் வேலையாயிற்று. அவள் கூடையை நான் மாட்டிக்கொண்டேன். படிப்பு அத்தோடு சரி.

அந்த ஆள் ஒருநாள்கூட எட்டிப் பார்க்கவில்லை. கட்டையில போறவன் என்று தினமும் மனசுக்குள் திட்டுவேன். திட்டி என்ன பிரயோஜனம்? நன்றாகக் கொழுத்துத்தான் போனார்.

பல வருஷம் கழித்து அவருக்கு ரிட்டயர்மென்ட் வந்தது. ஆபீசர் ஒருவர் கிளம்பினால் லைனிலேயே மூத்த பெண் மாலை போடுவது எங்கள் எஸ்டேட் வழக்கம். மற்றவர்கள் ஹால் நிறைய நின்று கைதட்ட வேண்டும். அதைப் பார்க்க கோயமுத்தூரிலிருந்து தன் சம்பந்தி வீட்டாரையே வரவழைத்திருந்தார். சனிக்கிழமை அதே எடைபோடும் இடத்தில் நின்று, "நாளைக்கு விழா. வர்றது ஆப்ஷனல்" என்று சிரித்தார்.

வாடா மகனே என்று நினைத்துக்கொண்டேன். அன்று சாயங்காலமே ஊடு ஊடாக ஏறி இறங்கினேன். "ஆப்ஷனல்னு அவரே சொல்லீட்டாருங்க. நாளையிலிருந்து அவரு நம்மளை ஓடைச் சரிவுக்கு அனுப்ப முடியாது. நிம்மதியாப் படுத்துத் தூங்குங்க."

காலையில் பார்த்தால் அம்மா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு நிற்கிறாள். எனக்கு வந்ததே ஆத்திரம்! "உனக்குச் சூடு சொரணையே கிடையாதா?"

"லைன்ல மூத்தவ நாந்தானே? நீயும் வா."

ஹால் வெறிச்சோடிக் கிடந்தது. முன்வரிசையில் சம்பந்தி வீட்டார், ஓரத்தில் ஆபீஸ் ஆட்கள் கொஞ்சம் பேர். அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவைக் கண்டதும் அவர் முகத்தில் உயிர் வந்தது. யாரோ மாலையை அவள் கையில் கொடுத்தார்கள். நெடுநெடுவென்று வளர்ந்த ஆள், நெஞ்சை நிமிர்த்திக் கும்பிட்டு நின்றார்.

அம்மா நிதானமாக, எல்லோர் காதிலும் விழும்படிச் சொன்னாள்: "கை மேல வராதுங்க சார். ஓடைச் சரிவுல நீங்க அனுப்பி விழுந்த கைங்க. நீங்கதான் குனியோணும்."

அவர் குனிந்தார்.

"இன்னுங் கொஞ்சமுங்க."

இன்னும் குனிந்தார். அவர் தலை அம்மாவின் இடுப்புக்கு வந்த பிறகுதான் மாலை விழுந்தது. சம்பந்தி வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் கைதட்டினேன். அந்த ஹாலில் கேட்டது அந்த ஒரு கைதட்டல்தான்.