கிளைடர் கம்பியை வெட்டிய ஞாயிறு

1. புல்தரையும் வலையும்

துறைமுகத்தில் எனக்கு வின்ச் என்னும் கம்பி சுருட்டும் எந்திரத்தில் வேலை. கப்பலின் வயிற்றிலிருந்து மூட்டைகளைத் தூக்கிக் கரையில் இறக்குவேன். அறுபதுகளின் கடைசியில் எண்ணூருக்கு வடக்கே ஒரு புல்தரையில் கிளைடர் கிளப் தொடங்கினார்கள். கிளைடர் என்பது இன்ஜின் இல்லாத சிறு விமானம். தரையின் ஒரு முனையில் வின்ச், மறுமுனையில் கிளைடர், நடுவே நீளமான இரும்புக் கம்பி. வின்ச் கம்பியைச் சுருட்டச் சுருட்ட கிளைடர் பட்டம்போல ஏறும். உச்சியில் பைலட் ஒரு குமிழை இழுத்துக் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். ஞாயிறுதோறும் அந்த வின்ச்சை ஓட்ட என்னைக் கூப்பிட்டார்கள்.

எங்களுக்கு முன்பே பக்கத்துக் குப்பத்தார் அங்கே வலை காயப்போட்டு வந்தார்கள். ஒவ்வொரு வாரமும் ஏழுமலை என்ற மீனவரிடம் இடம் கேட்டுப் போய் நிற்பேன்.

"இன்னா நைனா, உங்க பட்டத்துக்கு எங்க வலையாண்டதான் எடம் கெடச்சுதா?" என்பார். முணுமுணுத்துக்கொண்டே பாதித் தரையை விட்டுத் தருவார்.

2. கொடிக்காக நின்றேன்

சரோஜா, திருவொற்றியூரில் பள்ளி ஆசிரியை; கிளப்பில் பறக்கக் கற்றுவந்தார். ஒரு ஞாயிறு மூன்றாவது முறையாகத் தனியே ஏறினார். உச்சிக்குப் போனதும் வின்ச்சின் வேகத்தைக் குறைத்தேன். கம்பி விழவில்லை. கிளைடர் என் தலைக்கு மேலே வந்து வட்டமிட்டது. கம்பியை மாட்டும் கொக்கி சிக்கிக்கொண்டிருந்தது.

இப்படி ஆனால் கம்பியை வெட்டுவதற்கென்றே பக்கத்தில் கோடாலி இருந்தது. நான் மறுமுனையைப் பார்த்தேன். அங்கே நின்ற பயிற்சியாளர் நாயர் சார் வெட்டச் சொல்லிக் கொடி காட்டுவார் என்று நின்றேன். சைகை வராமல் லிவரைத் தொடாத துறைமுகப் பழக்கம். கம்பி இழுத்த இழுப்பில் கிளைடரின் மூக்கு சட்டென்று கீழே சாய்ந்தது. அப்புறம்தான் கோடாலியை எடுத்தேன். மூன்றாவது வெட்டில் அறுந்தது.

ஆனால் மீதிக் கம்பி கிளைடரிலிருந்து தொங்கியது. இறங்கும்போது அது தரையை வாரிக்கொண்டு வரும். வலையருகே ஆட்கள். ஓடினேன்.

"வலைய வுட்டுட்டு ஓடுங்க! கம்பி வருது!"

ஏழுமலை மேலே பார்த்தார். "அந்தப் பொண்ணு எறங்க எடம் வோணும்டா! அல்லாத்தியும் இஸ்துகினு வாங்க!"

அவர்கள் வலைகளை அள்ளிக்கொண்டுதான் ஓடினார்கள். கம்பி ஒரே ஒரு வலையைக் கிழித்தது. கிளைடர் தரையைத் தொட்டு அரைவட்டம் சுற்றி நின்றது.

சரோஜா இறங்கினார். பிய்ந்த குமிழ் கையிலேயே இருந்தது.

"மேலேர்ந்து உங்களத்தான் பாத்துட்டிருந்தேன், மேஸ்திரி. நீங்க வேற எங்கியோ பாத்துட்டிருந்தீங்க."



3. யாரைக் கேட்டு?

பிறகு வின்ச்சில் உட்கார்ந்தாலே கண் முதலில் கோடாலியைத் தேடும். ஏழுமலையின் வலையை நானே உட்கார்ந்து பின்னிக் கொடுத்தும் மனம் அடங்கவில்லை. எழுபதுகளில் அந்தப் பக்கம் மின்கோபுரங்கள் எழுந்தன, கிளப்பை மூடினார்கள்.

சில வருடம் கழித்துத் துறைமுகத்தில் மூட்டை தூக்கும்போது, அதைக் கட்டிய கயிறு நழுவுவதைக் கண்டேன். சைகைக்காரர் தூக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் நிறுத்திவிட்டேன்.

"யாரைக் கேட்டுய்யா நிறுத்தினே?" என்று ஃபோர்மேன் கத்தினார்.

புதிதாக வின்ச்சில் உட்காருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: தூக்க மட்டும் உத்தரவு கேளுங்கள். நிறுத்தக் கேட்காதீர்கள். திட்டு விழும், வாங்கிக்கொள்ளலாம். அன்று ஃபோர்மேன் கத்திக்கொண்டிருக்க, நான் மூட்டைக்குக் கீழே நின்றவர்களைப் பார்த்தேன். எல்லோரும் அடிபடாமல் நின்றுகொண்டிருந்தார்கள்.