இடது தோள்

கம்பெனியில் எல்லோரும் அவரை ஆபீஸர் என்றுதான் கூப்பிடுவார்கள். பார்க்கிற வேலை என்னவோ வீடு வீடாகப் போய்க் கரப்பானுக்கும் எறும்புக்கும் மருந்தடிப்பது. ஆனால் நீலச் சட்டையை மடிப்புக் கலையாமல் தேய்த்து, பேண்டுக்குள் செருகி, அதற்கு மேல் மருந்து டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு கிளம்புகிற ஆள் அங்கே இவர் ஒருவர்தான். கேலிப் பெயர் என்று தெரிந்தும் அவருக்கு அது பிடித்திருந்தது.

அந்தப் பெயர் செய்த வேலையைக் கேளுங்கள். அவருடைய மூன்று வயது மகளுக்கு, வாண்டு என்று கூப்பிடுவார்கள், வலது கன்னத்தில் செந்திட்டாகத் தடித்து, சொறியச் சொறிய நீர் கசிய ஆரம்பித்தது. ஆபீஸரும் அவருடைய அக்காவும் தோல் டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். குளுகுளு அறை. வெளியே கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்ட அப்பாக்கள் மடிக்கணினியைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். டாக்டரம்மா தலை நிமிராமல், "நீங்க என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார்.

"கம்பெனி வேலை" என்றார் ஆபீஸர். பொய் என்று யாரும் சொல்ல முடியாது. அதனால்தான் அது அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது.

"கன்னத்துல ஏதோ பட்டுக்கிட்டே இருக்கு. வீட்டுல வாசனை போட்டது, தெளிக்கிறது, தேய்க்கிறது எல்லாத்தையும் குறைச்சுப் பாருங்க" என்று டாக்டரம்மா களிம்பு எழுதிக் கொடுத்தார்.

அவ்வளவுதான், ஆபீஸர் வரிந்து கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். மனைவி துணிக்கடையில் பில் போடுகிறவள், பகல் முழுக்க வீட்டில் இருக்க மாட்டாள். வாண்டுவை வளர்ப்பது இந்த அக்காதான். வீட்டுக்காரர் போன பிறகு தம்பியோடு வந்து தங்கியவள். வாழ்க்கையில் அவளுக்கு இருந்த ஒரே ஆடம்பரம் வாசனை. தரை துடைக்க எலுமிச்சை லோஷன், அலமாரிக்குப் பாச்சை உருண்டை, முகத்துக்கு ரோஜாப் பவுடர், பாத்ரூமுக்கு மல்லிகை ஸ்பிரே.

ஆபீஸர் ஒவ்வொரு பாட்டிலையும் எடுத்து, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் போனில் படம்பிடித்துப் பெரிதாக்கிப் படித்தார்.

"இதுல என்ன இருக்குன்னு தெரியுமாக்கா உனக்கு?"

"எலுமிச்சம்பழம்டா. படமே போட்டிருக்கானே."

எல்லாம் குப்பைக்குப் போயிற்று. மனைவியின் நகப்பூச்சும் சேர்ந்து போயிற்று. சிங்க்குக்கு மேலே ஒரு சோப்புக்கட்டியும் சோடா உப்பு டப்பாவும் மட்டும் மிஞ்சின. அதோடு விட்டாரா என்றால் இல்லை. எதிர்வீட்டுக்காரி காதில் விழும்படி, "நீ கண்டதையும் பூசிட்டுப் பிள்ளையத் தூக்குறதாலதான் இதெல்லாம்" என்றும் சொன்னார். அக்கா அன்று முதல் தோளில் ஒரு துண்டை விரித்து, அதன் மேல்தான் வாண்டுவைத் தூக்கினாள்.

அவளும் ஒன்று கேட்டாள். "உன் கம்பெனி சட்டை ஒரு மாதிரி நெடி அடிக்குதே. தனியா ஊற வைக்கட்டுமா?"

ஆபீஸருக்குச் சுருக்கென்றது. "ஏன், என் துணி பட்டா தீட்டு ஒட்டிக்குமா? நான் என்ன சாக்கடையா அள்ளுறேன்?" என்று பாய்ந்தார். அக்கா எப்போதும் போல எல்லாத் துணியையும் ஒரே வாளியில் போட்டாள்.

இரண்டு மாதமாகியும் கன்னம் ஆறவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் சிவப்பு கொஞ்சம் அடங்கும், திங்கள் ராத்திரி மறுபடி ஏறும். ஞாயிறு அன்று அக்கா கடைசித் தம்பி வீட்டுக்குப் போய்வருவது வழக்கம். இதைவிட வேறென்ன ஆதாரம் வேண்டும்? ஆபீஸர் அதையும் வாய்விட்டுச் சொன்னார். ஞாயிறு தனக்கும் லீவு என்பது மட்டும் அவர் கணக்கில் வரவில்லை. அக்கா, சின்னவன் வீட்டோடு போய்விடுகிறேன், சனிக்கிழமை வந்து கூட்டிப் போகச் சொல்லியிருக்கிறேன் என்றாள்.

வெள்ளிக்கிழமை பகலில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் மருந்தடித்து முடித்து, ஆபீஸர் வழக்கமான பாடத்தை ஒப்பித்தார். "நாலு மணி நேரம் குழந்தைய உள்ள விடாதீங்கம்மா. மருந்து பட்ட துணிய மத்த துணியோட போடாதீங்க. கை கழுவாம குழந்தையத் தொடாதீங்க."

அந்த அம்மா இடுப்பில் குழந்தையோடு வாசலுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "உங்களுக்குக் குழந்தை இருக்கா?"

"ஒரு பொண்ணு. மூணு வயசு."

"வாசல்லயே ஓடி வந்து காலைக் கட்டிக்குமே. குளிச்சிட்டு வர்ற வரைக்கும் எப்படிச் சமாளிக்கிறீங்க?"

"அதெல்லாம் பழகிடுச்சும்மா" என்றார் ஆபீஸர்.

படியிறங்கும்போது இடது தோள் எரிந்தது. டேங்க் மூடியின் வாஷர் தேய்ந்து மூன்று மாதமாகிறது. கசிகிற மருந்து தோள்வாரில் இறங்கி, சட்டையின் இடது தோளை நனைத்துக்கொண்டே இருக்கும். மாற்ற வேண்டும் என்று நினைப்பார், மறந்துவிடுவார். இரண்டாம் மாடித் திருப்பத்தில் அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

தினமும் சாயங்காலம் வாண்டு படியில் ஓடி வருவாள். வலது கையில் சாப்பாட்டுப் பை இருக்கும், இடது கையால் அள்ளித் தூக்குவார். இரண்டு மாடி ஏறும் வரை அவள் அவர் கழுத்துப் பக்கம் முகத்தைத் திருப்பி, இடது தோளில் கன்னத்தைச் சாய்த்துக்கொள்வாள். வலது கன்னத்தை.

வெட்கம் பிடுங்கித் தின்றது. ஊரார் பிள்ளைக்கெல்லாம் சொன்னதைத் தன் பிள்ளைக்குச் செய்யவில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அடுத்து அவர் நினைத்ததைச் சொல்லவே கூசுகிறது. நாளைக்கு அக்கா போய்விடுவாள். வாஷரை மாற்றி, சட்டையைக் கம்பெனியிலேயே துவைத்துப் போட்டுவிட்டால் கன்னம் தானாக ஆறிவிடும். அக்கா போனதால் ஆறியது என்று எல்லோரும் நம்புவார்கள், அக்கா உட்பட. யாருக்கும் ஒன்றும் தெரியாது. இந்த யோசனையோடு மனிதர் மேற்கொண்டு மூன்று வீட்டுக்கு மருந்தடித்தார்.

சாயங்காலம் வாசலில் நுழைந்ததும் வாண்டு படியில் தடதடவென்று இறங்கி வந்தாள்.

"நில்லு" என்று கத்தினார். இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டார். வாண்டு நாலாவது படியிலேயே நின்றாள். உதடு பிதுங்கியது. பின்னாலேயே துண்டுத் தோளோடு வந்த அக்கா, "பிள்ள மேல ஏன்டா எரிஞ்சு விழற?" என்றாள்.

"அக்கா, உன் பவுடரும் இல்ல, லோஷனும் இல்ல. இந்தச் சட்டைதான். மருந்து ஊறின தோள்லதான் தினம் இவளச் சாய்ச்சு வச்சிருக்கேன். நீ அன்னிக்கே கேட்ட, நான்தான் உன்மேல பாஞ்சேன்."

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. ஆபீஸர் குரலைத் தணிக்கவில்லை.

அக்கா அந்தத் தோளைப் பார்த்தாள். "எப்ப தெரிஞ்சது?"

"மத்தியானம்."

"அப்பவே ஒரு போன் பண்ணியிருக்கலாமே. நான் பெட்டியெல்லாம் கட்டி வச்சிட்டேன்."

ஆபீஸர் தலையைக் குனிந்துகொண்டார். "சொல்லாம விட்டுடலாமான்னு பாத்தேன்க்கா."

அக்கா படியில் உட்கார்ந்து, தோளிலிருந்த துண்டை எடுத்துக் கீழே போட்டாள். வாண்டுவை மடியில் இழுத்து, நல்ல கன்னத்தோடு தன் கன்னத்தை ஒட்டி வைத்துக்கொண்டாள். வாண்டு மூச்சு முட்டி நெளிந்தாள், அக்கா விடவில்லை.

"ரெண்டு மாசமா இவளுக்கு நான் ஒரு முத்தம் குடுக்கலடா" என்றாள், அவரைப் பார்க்காமல்.

பிறகு எழுந்து, பிள்ளையோடு மேலே ஏறினாள். திருப்பத்தில் நின்று, "சட்டையக் கீழ குழாயடியிலயே கழட்டு. நீயே துவை" என்றாள்.

"அக்கா, நாளைக்கு..."

"டாக்டர்கிட்ட போறோம். நீ என்ன வேலை பாக்குறேன்னு என் முன்னாடி அவங்களுக்குச் சொல்லு. அப்புறம் பெட்டியப் பிரிக்கிறதா வேணாமான்னு பாக்கலாம்."