நெற்றியில் ஓட்டை விழுந்த போட்டோ

செமோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை காலி! விண்ணப்பத்தோடு போட்டோவும் வேண்டும் என்றார் தோட்டத்துத் துரை. சீனியர் கேம்பிரிட்ஜ் பாஸான எனக்கா கிடைக்காது? இரவல் கோட்டு மாட்டி, அம்மா வைத்த பெரிய குங்குமப் பொட்டோடு ஈப்போவில் ஒரு சீனர் ஸ்டூடியோவில் கம்பீரமாக உட்கார்ந்தேன்.

"தம்பி, பொட்டைத் தொடச்சிருலா," என்றார் படமெடுக்கும் முதலாளி, அந்தச் சீனத் தவுக்கே.

"படிச்சவன்கிட்டயே சொல்றீங்களா? எடுங்க தவுக்கே!"

விண்ணப்பம் அனுப்பவேண்டிய கடைசி நாளன்றுதான் படம் கைக்கு வந்தது. நண்பன் ஆரோக்கியம் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"மச்சான், நெத்தியில யாருடா சுட்டது? செத்தவன் வந்து வேலை கேக்குற மாதிரி இருக்குலா!"

குங்குமம் கன்னங்கரேலென்று ஓட்டை போல விழுந்திருந்தது! ஸ்டூடியோவுக்கே திரும்ப ஓடினேன்.

"படத்துல சிவப்பெல்லாம் கறுப்பாத்தான் விழும். அதுக்குத்தான் சொன்னேன்," என்ற தவுக்கே, கறுப்பும் வெள்ளையும் மாறிப் படம் பதிந்த நெகட்டிவ் கண்ணாடியில் பொட்டு இருந்த இடத்தைப் பென்சிலால் மெல்லத் தீட்டி மறுபடி அச்செடுத்தார். ஓட்டையைக் காணோம்! தபாலாபீசில் பையைக் கட்டுவதற்குள் ஓடிப்போய்ச் சேர்த்தேன்.

வேலை கிடைத்துவிட்டது! இப்போதெல்லாம் படமெடுக்கப் போனால் குங்குமத்துக்குப் பதில் திருநீறு பூசிக்கொள்கிறேன். அது வெள்ளையாகவே விழுகிறது.