வாங்குக்கு முன் கால் மணித்தியாலம்

கல்முனைக்குடித் தையல்காரர் ஒருவர் வெற்றிலைச் சாறு ஒழுகும் வாயோடு ஆர்மோனியம் பழகுவார். கட்டைகளெல்லாம் சிவப்புக் கறை. பார்த்தாலே எனக்குக் குமட்டும். பிற்பகல் அஸர் தொழுகைக்குக் கால் மணித்தியாலம் இருக்கும்போதுதான் பெட்டியைத் திறப்பார். பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் வாங்கு கேட்டதும் மரியாதையாக மூடிவிடுவார். பிறகு தொழவும் போகமாட்டார், பெட்டியைத் திறக்கவும் மாட்டார்.

"காக்கா, வாங்கு முடிஞ்சிட்டே! பெருநாள் மேடைக்கு நாலு நாள்தான் கிடக்கு. உங்கட பெட்டி இல்லாம நான் தனியா குழல் ஊதுறதா?" என்று ஒருநாள் அவரிடம் கேட்டேன்.

"ஓம் தம்பி, ஆனா மனம் விட்டுப் போயிட்டு. நாளைக்குப் பாப்பம்."

"நாளைக்கும் வாங்கு சொல்லுவாங்களே!"

"சொல்லத்தானே வேணும்!" என்று சிரித்துவிட்டு எட்டித் துப்பினார்.

அருவருப்போடு வீட்டுக்கு வந்து குழலை எடுத்தேன். நாலு வரி வாசிப்பதற்குள், அதைக் கீழே வைக்க அந்தி மஃரிபு வாங்கு எப்போது கேட்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். அதே குமட்டல் வந்தது. அவர்தான் அங்கே இல்லை.