இடுப்பில் ஆறு எலும்பு

என் தம்பி தரைக்கு டைல்ஸ் பதிப்பவன். கூட வேலை செய்பவர்கள் அவனை, மட்டம் பார்க்கும் கருவியின் பெயரால், ‘ரசமட்டம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் பதித்த தரையில் கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்திலேயே நிற்கும். இருபத்திரண்டு வருடம் குனிந்து வேலை பார்த்தவனுக்கு வலது கால் மரத்துப்போய், மண்டியிடவே முடியாமல் போயிற்று. முதுகுத்தண்டில் இடுப்பு எலும்பு நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று ஸ்கேன் ரிப்போர்ட் சொன்னது. வியாழக்கிழமை ஆபரேஷன் என்றார் டாக்டர்.

நான் எட்டாவது வரை படித்தவள். சலவை நிலையத்தில் துணியை எண்ணி வாங்கி எண்ணிக் கொடுப்பது என் வேலை. சீட்டும் துணியும் ஒத்துப்போகாவிட்டால் மூட்டை மாறிவிட்டது என்று அர்த்தம். ஸ்கேனோடு எடுத்த எக்ஸ்ரே படத்தைச் சமையலறை ஜன்னலில் பிடித்து, கடைசி விலா எலும்புக்குக் கீழே விரல் வைத்து எண்ணினேன். ஆறு. கீழிருந்து எண்ணினேன். அப்போதும் ஆறு. ரிப்போர்ட்டில் ஐந்து.

படம் எடுத்த அன்று வாசலில் தம்பியும் இன்னொருவரும் ஒரே மாதிரி நீல அங்கியில் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. படம் எடுத்தவர் தம்பியின் பெயரை இரண்டு தரம் கேட்டதும்தான்.

“இது உன் முதுகே இல்லடா” என்றேன்.

“போர்வை எண்ணுற மாதிரி என் எலும்பையும் எண்ணிட்டியாக்கா? வலி மட்டும் என்னோடதுதான்.”

புதன்கிழமை அவனையும் இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போய், படத்தில் ஆறு இருக்கிறது என்றேன்.

“எல்லாருக்கும் அங்க அஞ்சுதாம்மா” என்றார்.

“அப்ப இது வேற யாரோடதோ, சார். இவனோடதுன்னு காட்டுங்க, பேசாம போயிடறேன்.”

“விடுக்கா. டாக்டரையே மூட்டை பிரிக்க வைக்கிறே” என்றான் தம்பி.

டாக்டர் படத்தை விளக்குப் பெட்டியில் செருகினார். “சின்ன வயசுல எங்கயாவது விழுந்திருக்காரா?”

பன்னிரண்டு வயதில் சுவரிலிருந்து விழுந்து வலது விலாவை உடைத்துக்கொண்டான். டாக்டர் காட்டிய இடத்தில், அதே விலாவில், உடைந்து ஒட்டிய இடம் சின்ன முடிச்சாகத் தெரிந்தது. எனக்கு முகம் தொங்கிப்போயிற்று. மூட்டை அவனுடையதுதான்.

ஆனால் டாக்டரின் விரல் அங்கே நிற்கவில்லை. கீழே இறங்கியது. மறுபடி மேலே ஏறியது. போனை எடுத்து ரிப்போர்ட் எழுதியவரிடம் பேசிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“இவருக்கு ஒரு எலும்பு கூடுதல்மா. சில பேருக்கு அப்படி இருக்கும். ரிப்போர்ட் எழுதினவங்க மேலேர்ந்து எண்ணிருக்காங்க. நான் எப்பவும் கடைசி எலும்பை அஞ்சுன்னு வச்சு, கீழேர்ந்துதான் எண்ணுவேன். நாளைக்குப் பிதுங்கினதை விட்டுட்டு, அதுக்குக் கீழ இருக்கிற நல்ல ஜவ்வைத் திறந்திருப்பேன்.”

தம்பி இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

“உடையிறதுக்கு ஒண்ணு கூடவே டைல்ஸ் வாங்குங்கன்னு எல்லார் வீட்லயும் சொல்வேன். அம்மா எனக்கும் அப்படியே வாங்கிருக்காங்க.”

கழுத்திலிருந்து மறுபடி படம் எடுத்து எண்ணினார்கள். நானும் எண்ணினேன். அடுத்த செவ்வாய் ஆபரேஷன் அறைக்குள் போகும் முன் டாக்டர், நான் கேட்காமலே, ஆறு விரலைக் காட்டிவிட்டுப் போனார்.

நாலு மாதம் கழித்து அவன் மண்டியிட்டுப் பதித்த முதல் தரையில் நான் கோலிக்குண்டை வைத்துப் பார்த்தேன். நம்பாமல்தான் வைத்தேன். நின்றது.